விண்ணப்பமும் வாசகரும்: திருவருட்பா அச்சேறிய வரலாற்றை முன்வைத்து ஒரு திறனாய்வு

சமயப் பாடல் யாரை நோக்கிப் பாடப்பெறுகிறது என்னும் வினா எளிதாகத் தோன்றும். இறைவனை நோக்கி என்று மாணவனும் விடை கூறிவிடுவான். ஆயின், இறைவனை நோக்கிப் பாடியதை அடுத்த வீட்டார்க்குப் படித்துக் காட்டுவது ஏன், ஏட்டிலிருந்து தாளுக்கும் தாளிலிருந்து அச்சுக்கும் கொண்டு செல்வது ஏன் என்று அதே மாணவன் திருப்பிக் கேட்பானாயின், ஆசிரியர் சற்றே தயங்க நேரும். அந்தரங்கமாகச் செய்த விண்ணப்பம் பலர் கையில் நூலாகத் தவழும்போது, பாடியவன் ஒன்றைப் பெறுகிறான். ஒன்றை இழக்கவும் செய்கிறான். பெறுவது எது, இழப்பது எது என்பதைத் தமிழ்த் திறனாய்வு இதுவரை போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பக்திப் பாடலின் சுவையை வியந்து எழுதப்பட்ட கட்டுரைகள் பல. அப்பாடலை முதன்முதலில் கேட்டவன் என்ன சொன்னான், அவன் சொன்னது பாடியவனை என்ன செய்தது என்று ஆராய்ந்தவை மிகச் சில.

பழைய அடியார்களைப் பொறுத்தவரை இதற்குச் சான்று தேடுதல் அரிது. திருவாசகத்தைத் தில்லைக் கூத்தனே ஓலையில் எழுதிக்கொண்டான் என்பது வழிவழி வந்த வரலாறு. பக்திப் பாடலுக்கு முதல் வாசகன் யார் என்னும் வினாவை அக்கதை உருவாக்கியவர்களும் உணர்ந்திருந்தனர் என்பதை அது காட்டுகிறது. இறைவனே கேட்டான், இறைவனே எழுதினான் என்றதும் இடையில் நிற்கும் மனிதக் கேட்பாளர் மறைந்துவிடுகிறார். அச்சுப்பொறி வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வாறு மறைய இயலவில்லை. கடிதம் இருக்கிறது, தபால் இருக்கிறது, பதிப்பித்தவர் பெயரும் பொருளுதவி செய்தவர் பெயரும் இருக்கின்றன. அவ்வகையில், தமிழில் தெளிவாகச் சான்றுகளோடு கிடைக்கும் நிகழ்ச்சி இராமலிங்க அடிகளின் திருவருட்பா 1867ஆம் ஆண்டு அச்சேறிய வரலாறேயாகும்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு பிறந்த இராமலிங்கர், இளமையிலேயே தந்தையை இழந்து, குடும்பத்தோடு சென்னை சேர்ந்தவர். கந்தகோட்டத்து முருகனைப் பாடியும், திருவொற்றியூருக்கு நடந்து சென்று அங்குள்ள இறைவனைப் பாடியும் அவர் கழித்த ஆண்டுகள் பல. அக்காலத்தில் அவர் அச்சுலகை அறியாதவர் அல்லர் என்பது இங்குக் கருதத்தக்கது. 1851இல் ஒழிவிலொடுக்கத்தைப் பதிப்பித்தார். 1854இல் மனுமுறை கண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை வெளியிட்டார். 1857இல் சின்மய தீபிகையைப் பதிப்பித்தார். பிறர் நூலை அச்சிட்டார். தம் உரைநடையை அச்சிட்டார். தம் பாடல்களை மட்டும் அச்சிடவில்லை. அச்சகம் எட்டாத தொலைவில் இல்லை. நூல் பதிப்பிக்கும் முறையும் தெரியும். எனவே, இதை வாய்ப்பின்மை என்று கொள்ள இயலாது. விருப்பமின்மை என்றே கொள்ளவேண்டும்.

1858ஆம் ஆண்டளவில் அவர் சென்னையை விட்டுக் கருங்குழிக்குப் பெயர்ந்தார். பாடல்களோ அன்பர் பலரிடம் சிதறிக் கிடந்தன. இந்நிலையில்தான் சென்னையிலிருந்த இறுக்கம் இரத்தின முதலியார் என்னும் அன்பர் முன்வந்தார். பாடல்களைத் தொகுத்து அனுப்புமாறு அவர் மீண்டும் மீண்டும் வேண்டினார். வேண்டுதல் பயனளிக்கவில்லை. பாடல்கள் வந்து சேரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளை உணவே கொள்வதெனத் தீர்மானம் செய்துகொண்டார். இச்செய்தி அறிந்த அடிகள், 1860ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் எழுதிய கடிதத்தில், அந்த நோன்பைக் கைவிடுமாறு கேட்டுக்கொண்டு, பாடல்களை அனுப்ப இசைந்தார்.

தமிழாசிரியர்கள் இந்த நிகழ்ச்சியைச் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். இரத்தின முதலியார் பாடல்களைப் புகழ்ந்து எழுதினார் என்பதன்று இதில் சிறப்பு. அடிகளைப் புகழ்வோர் அந்நாளில் குறைவாக இருந்திருக்க மாட்டார்கள். அவர் செய்தது வேறு. பாடல் இல்லாமல் தமக்கு ஒரு குறை இருக்கிறது என்பதைத் தம் வயிற்றின் வாயிலாகவே தெரிவித்தார். புகழ்ச்சி, பாடியவனுக்கு அவன் யார் என்று கூறுவது. வேண்டுதல், கேட்பவனுக்கு என்ன தேவை என்று கூறுவது. முதலாவதைக் கேட்டு அஞ்சி ஒதுங்கிய ஒருவர் இரண்டாவதைக் கேட்டு இரங்கினார். இரக்கம் அவர் சமயத்தின் உயிர்நிலை அன்றோ? பசித்தவனுக்கு உணவிடுவதை வீட்டின் திறவுகோலாகக் கருதியவர், 1867 மே 23 அன்று வடலூரில் தருமசாலை தொடங்கியவர், தம் பாட்டின் பொருட்டு ஒருவர் பசித்திருப்பதைப் பொறுத்திருக்க இயலாது. இரத்தின முதலியார் இதை அறிந்தே செய்தாரா, அறியாமல் செய்தாரா என்பது சுவையான ஐயம். அறிந்தே செய்திருப்பின், அடிகளின் மனத்தை அவரைவிட நன்றாகப் படித்த வாசகர் அக்காலத்தில் இல்லை எனலாம்.

இசைவு கிடைத்த பின்னும் நூல் உடனே வந்துவிடவில்லை. ஆறு ஆண்டுகளுக்கும் மேல் கடந்தன. பாடல்களைத் திரட்டுவதில் இரத்தின முதலியாருடன் புதுவை வேலு முதலியாரும் சிவாநந்தபுரம் செல்வராய முதலியாரும் சேர்ந்துகொண்டனர். அடிகளின் தலைமாணாக்கராகிய தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களை வகுத்துத் தொகுத்தார். மயிலை சோமசுந்தர செட்டியார் அச்சுச் செலவை ஏற்றார். இவ்வாறு 1867ஆம் ஆண்டு முதல் நான்கு திருமுறைகள் ஒரே நூலாக வெளிவந்தன. ஒருவர் கேட்டார், ஒருவர் படியெடுத்தார், ஒருவர் வகுத்தார், ஒருவர் பணம் தந்தார். ஊக்கம் என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனை வேலைகள் அடங்கிக் கிடக்கின்றன. இக்காலத்துப் பாராட்டுரைகளில் இவற்றுள் ஒன்றேனும் காணப்படுகிறதா என்று நோக்கின், பெரும்பாலும் ஏமாற்றமே எஞ்சும்.

அச்சு வேலை நடந்த காலத்தில் அடிகள் எழுதிய மற்றொரு கடிதமும் திறனாய்வாளர் கருத்துக்குரியது. தம் பெயரை இராமலிங்கசாமி என்று வழங்குவதில் தமக்குச் சம்மதமில்லை என்றும், அது ஆரவாரத்துக்கு இடமான பெயராகத் தோன்றுகிறது என்றும் அவர் தெரிவித்தார். பாடல் போகலாம், பெயர் பெரிதாகப் போகவேண்டா என்பது அவர் நிலை. அன்பர்கள் கீழ்ப்படிந்தனர், ஆனால் முழுவதும் கீழ்ப்படிந்தார்கள் என்று கூற இயலாது. சாமி என்பதை விட்டார்கள். திருவருட்பிரகாச வள்ளலார் என்பதைச் சேர்த்தார்கள். நூலுக்குத் திருவருட்பா என்று பெயரிட்டார்கள். அதன் பகுதிகளுக்குத் திருமுறை என்று பெயரிட்டார்கள். தொழுவூர் வேலாயுத முதலியார், திருவருட்பா வரலாறு என்னும் செய்யுளையும் பாடி நூலோடு சேர்த்தார். வள்ளலார் என்ற சொல்லின் ஈற்றைப் பிரித்து, 'ஆர்' என்று வினவுவதாக அடிகள் பொருள் கொண்டார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. அது நடந்ததோ இல்லையோ, தமக்குச் சூட்டப்பட்ட பெயரிலிருந்து நழுவ முயலும் ஒருவரின் உருவத்தை அது சரியாகத் தீட்டுகிறது.

ஊக்கத்தின் மறுபக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. திருமுறை என்ற சொல் சைவர்க்குப் பொதுச்சொல் அன்று. தேவார திருவாசகம் முதலியவற்றுக்கு உரிய சிறப்புப் பெயர். அருட்பா என்பதும் அவ்வாறே. வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவரின் பாடல்களுக்கு அப்பெயர்களை இடலாமா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் அவர் சார்பினரும் எதிர்ப்புக் கிளப்பினர். கண்டன நூல்கள் தோன்றின, மறுப்புகள் தோன்றின, மறுப்புக்கு மறுப்புகள் தோன்றின. பூசல் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருவரும் மறைந்த பின்னும் அது ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளை அதை மீண்டும் எழுப்பினார். அருட்பாவின் பக்கம் நின்று வாதிட்டவர்களுள் ஒருவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் என்பதை மாணவர்க்குச் சொல்லித் தருவது நலம். இசுலாமியப் புலவர் ஒருவர், சைவர் ஒருவரின் பாடல் அருட்பாவே என்று சைவர்க்கு எடுத்துரைத்த காட்சி தமிழ் வரலாற்றுக்கே உரியது. இரு தரப்புக் கண்டனங்களையும் இக்காலத்து ஆய்வாளர் ப. சரவணன் தொகுத்து வெளியிட்டுள்ளார். படிப்போர்க்குப் பொறுமை வேண்டும், வசை மிகுதி.

நாவலரை இவ்விடத்தில் எளிதாகக் குறை கூறிவிட்டுச் செல்லும் வழக்கம் உண்டு. அது நேர்மையாகாது. 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கிப் பாலபாடங்கள் எழுதிய அப்பெருந்தகைக்கு எந்தத் தமிழாசிரியரும் கடன்பட்டவரே. அவருடைய வினாவில் பொருளில்லாமலும் இல்லை. ஒரு பாடலுக்கு அருள்நூல் என்னும் தகுதியை யார் வழங்குவது? பாடியவரா, கேட்டவரா, காலமா? நாவலர் காலம் என்றார். அன்பர்கள் தாங்களே என்றனர். பாடியவரோ, மேற்கண்ட கடிதத்தைச் சான்றாகக் கொண்டால், நாவலரைவிடவும் முன்னதாகவே அன்பர்களின் ஆர்வத்துக்கு அணையிட முயன்றவராகிறார். இப்பூசலின் வேர் பாடல்களில் அன்று, முகப்புத் தாளில் இருந்தது என்று கூறினால் அது மிகையாகாது. அன்பு மிகுந்த வாசகர்கள் இட்ட பெயர், பாடியவரை நீதிமன்ற வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

இனிப் பாடல்களின் போக்கைக் காண்போர்க்கு மற்றொன்று புலப்படும். சென்னைக் காலத்துப் பாடல்கள் பெரிதும் நெடிய விருத்தங்கள். கந்தகோட்டத்து முருகனைப் பாடிய தெய்வமணிமாலையில் கற்றறிந்த இளைஞர் ஒருவர் யாப்பின் முழு ஆற்றலையும் கையில் ஏந்தி நிற்பதைக் காணலாம். நெஞ்சறிவுறுத்தல் போன்றவற்றில் கேட்பது தம் நெஞ்சே. முறையீடு, தன்னிரக்கம், குற்றம் கூறிக்கொள்ளல் ஆகியவை அங்கு மேலோங்கும். ஆறாம் திருமுறைப் பாடல்களுக்கு வரும்போது ஓசை மாறுகிறது. கண்ணிகளும் கீர்த்தனைகளும் நாமாவளிகளும் மிகுகின்றன. எளிய சொல், திரும்பத் திரும்ப வரும் முடிப்பு, கூடியிருந்தோர் உடன் பாடத்தக்க நடை. உலகத்தாரை முன்னிலைப்படுத்தி விளிக்கும் பாடல்கள் பல அங்குண்டு. முன்பு இறைவன் முன்னிலை, உலகம் படர்க்கை. பின்பு உலகமும் முன்னிலைக்கு வந்துவிட்டது.

இம்மாற்றத்துக்கு அவருடைய அருளனுபவ வளர்ச்சியே காரணம் என்று அன்பர்கள் கூறுவர். அதை மறுக்கத் திறனாய்வுக்கு உரிமை இல்லை. அளக்கும் கருவியும் இல்லை. ஆயினும், அக்காலப் பகுதியில் அவர் தனியர் அல்லர் என்பதும் உண்மை. 1865இல் சங்கம் கண்டார், 1867இல் தருமசாலை, 1872 சனவரியில் சத்திய ஞான சபை. பாடல்கள் அச்சில் உலவுகின்றன. கேட்போர் கண்ணெதிரே அமர்ந்திருக்கின்றனர். முன்னிலை மாறியதற்கு முன்னே இருந்தவர்களும் ஒரு காரணம் என்று கொள்வதில் பிழை இருக்கமுடியாது. யாப்பு எளிமையானதையும் இத்தோடு சேர்த்தே எண்ணவேண்டும். வாசகர் அளித்த ஊக்கத்தின் பயனை முகவுரைகளில் தேடுவதைவிட இத்தகைய இலக்கணக் கூறுகளில் தேடுவதே ஆசிரியர்க்கு உகந்த வழி. 1872இல் ஒரே இரவில் பாடப்பெற்றதாகக் கூறப்படும் அருட்பெருஞ்சோதி அகவலின் 1596 அடிகள் இக்கருத்துக்கு முழுதும் பொருந்தா. அது மீண்டும் தனியொருவர் சோதியை நோக்கிப் பேசுவது. விதிக்கு அடங்காத பெரும்பாடல் ஒன்று குறுக்கே நிற்பது நல்லதே.

அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்றை இத்துடன் ஒப்பிடலாம். ஆங்கிலக் கவிஞர் செரார்டு மான்லி ஆப்கின்சு, இயேசு சபைத் துறவி. 1875ஆம் ஆண்டின் இறுதியில் துறவியர் ஐவர் உள்ளிட்ட பலரைப் பலிகொண்ட கப்பற்சேதம் ஒன்று நிகழ்ந்தது. அதைப் பற்றி யாரேனும் ஒரு பாடல் எழுதினால் நன்று என்று அவருடைய தலைவர் ஒரு சொல் சொன்னார். துறவு பூண்டபின் கவிதையைக் கைவிட்டிருந்தவர் அந்த ஒரு சொல்லால் மீண்டும் எழுதினார். பாடலைச் சபையின் இதழுக்கு அனுப்பினார், இதழ் வெளியிடவில்லை. நண்பர் இராபர்ட் பிரிட்சசுக்கு அப்பாடல் பிடிக்கவில்லை. ஆயினும் படிகளைப் பாதுகாத்து வைத்தவர் அவரே. கவிஞர் 1889இல் மறைந்தார். பிரிட்சசு 1918இல் நூலை வெளியிட்டார். பாடலை விரும்பாத ஒருவர் அதைக் காத்தார் என்பது எண்ண எண்ண வியப்புத் தருகிறது. இரத்தின முதலியார் பசித்திருந்தார். பிரிட்சசு முகஞ்சுளித்துக்கொண்டே பெட்டியில் வைத்திருந்தார். இருவருமே வாசகர்கள்தாம்.

திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த போப்பையருக்கும் இத்தகைய ஒரு துணை வாய்த்தது. முதுமையில் இப்பெரும் பணியை முடிப்பேனோ என்று அவர் ஐயுற்றபோது, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நெடுநாள் வாழும் வழி, முடிக்கும்வரை வாழ்வீர் என்று ஆக்சுபோர்டு பேரறிஞர் சோவெட்டு கூறியதாகப் போப்பே தம் நூலின் முகவுரையில் எழுதியுள்ளார். சோவெட்டு 1893இல் மறைந்தார். போப்பு தம் எண்பதாம் வயதில், 1900இல், நூலை வெளியிட்டார். சோவெட்டு தமிழ் அறியாதவர். எனவே அவர் நூலின் சுவையைப் பாராட்டவில்லை, வேலையைப் பாராட்டினார். வயதான ஒருவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மலேசிய சிங்கப்பூர்த் தமிழர்க்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. இப்பகுதியில் தமிழ் அச்சு தோன்றியபோது முதலில் வந்தவற்றுள் சமயப் பாடல்கள் இருந்தன. 1872இல் சிங்கப்பூரில் வெளிவந்த முனாஜாத்துத் திரட்டு இறைவனிடம் இறைஞ்சும் இசுலாமியப் பாடல்களின் தொகுதி. நாகூர் குலாம் காதிறு நாவலர் பினாங்குக்கு வந்து வித்தியா விசாரிணி இதழ் நடத்தியது 1880களில். கடல் கடந்து வந்தவன் கையில் காசு இருந்ததோ இல்லையோ, வாயில் ஒரு விண்ணப்பம் இருந்தது. வடலூரில் சோதி காட்டப்பெறும் அதே தைப்பூசத்தில் பினாங்கில் வெள்ளி இரதம் ஜார்ஜ் டவுன் தெருக்களைக் கடந்து தண்ணீர்மலைக்குச் செல்கிறது. ஜெலுத்தோங்கிலிருந்தும் கெலுகோரிலிருந்தும் மக்கள் நடந்தும் ஊர்திகளிலும் வந்து சேர்கின்றனர். அந்நாளில் பந்தல்தோறும் ஒலிப்பவற்றுள் பழைய பாடல்களோடு உள்ளூர் அன்பர் இயற்றியவையும் உண்டு. கோயில் மலர்களின் பக்கங்களில் அவை அச்சேறுகின்றன. எழுதுவோருள் ஆசிரியர் கணிசமானோர்.

இப்பாடல்கள் பெறும் வரவேற்பு எத்தகையது? அணிந்துரைகளைப் புரட்டினால், கவிஞரின் பக்தி போற்றப்படுகிறது. அவர் குடும்பப் பெருமை போற்றப்படுகிறது. முருகன் அருள் அவருக்கு என்றும் உண்டு என்று வாழ்த்தப்படுகிறது. தளை தட்டும் இடம் குறிக்கப்படுவதில்லை. பழம்பாடலின் சொற்றொடர் அப்படியே வந்து அமர்ந்திருப்பது சுட்டப்படுவதில்லை. பக்திப் பாடலில் குறை காண்பது பக்தியில் குறை காண்பதாகிவிடுமோ என்னும் அச்சமே இதற்குக் காரணம். இதே நாட்டில், 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் கதை வகுப்பு நடத்தி, எழுதியவர்களைத் தரம் பிரித்து, குறை கூறி, மீண்டும் எழுதச் செய்தனர். மலேசியச் சிறுகதை அதனால் நிமிர்ந்தது. தமிழ் நேசன் 2019இல் நின்றுபோயிற்று. கதை வகுப்பின் பெயர் நின்றுபோகவில்லை. பக்திக் கவிதைக்கு அத்தகைய வகுப்பை யாரும் நடத்த முன்வரவில்லை. முருகனைப் பற்றி எழுதிய பதினான்கு வயது மாணவியின் ஏட்டில் ஆசிரியர் 'அருமை' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுக்கிறார். அவள் எந்த வரியை உணர்ந்து எழுதினாள், எந்த வரியைக் கேட்டுப் பழகியதால் எழுதினாள் என்று பிரித்துக் காட்ட வல்லவர் அந்த அறையில் அவர் ஒருவரே. அவர் வாய்திறவாவிட்டால், அவள் அடுத்த பாடலையும் கேட்டுப் பழகிய வரிகளைக் கொண்டே கட்டுவாள். அதற்கும் 'அருமை' கிடைக்கும்.

திருவருட்பா அன்பர்களை இவ்விடத்தில் மீண்டும் நினைத்துக்கொள்ளலாம். அவர்களும் மிகையாகப் பெயரிட்டவர்களே. ஆயினும் பாடத்தின்பால் அவர்கள் காட்டிய கவனம் மிகையன்று, குறையுமன்று. சிதறியவற்றைத் தேடினர், பாடியவரிடமே கேட்டுப் பெற்றனர். அவர்கள் தொடங்கிய பணி பின்னரும் நீண்டது. ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை பன்னிரண்டு புத்தகங்களாகத் திருவருட்பாவைப் பதிப்பித்தார். 1972இல் ஊரன் அடிகள் பாடல்களைக் கால முறையில் அமைத்துப் பதிப்பித்தார். மேலே கூறிய முன்னிலை மாற்றத்தைச் சரிபார்க்க விரும்பும் மாணவர் அப்பதிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

ஆயினும், அன்பர் ஊக்கத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. அடிகளின் இறுதிக் காலத்தில், தாம் விரித்த கடையில் கொள்வார் இல்லை என்னும் வருத்தம் அவர் வாக்காக வழங்குகிறது. பாடலைக் கொண்டவர்கள் பலர். பாடல் சொன்னதைக் கொண்டவர்கள் சிலர். 1874 சனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அவர் திருவறையுள் புகுந்தார். மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக விளங்கிய தொழுவூர் வேலாயுத முதலியார் 1880இல் ஐந்தாம் திருமுறையை வெளியிட்டார். சாதி சமய வேறுபாடுகளை வெளிப்படையாகச் சாடும் பாடல்கள் நிறைந்த ஆறாம் திருமுறை அவரிடம் இருந்தது. முதல் நூலுக்குப் பெயரிட்டவரும், வரலாறு பாடியவரும், பூசலின் சூட்டை நேரில் தாங்கியவரும் அவரே. அவர் அதை அச்சிடவில்லை. 1885இல் வேறு அன்பர்கள் அதை வெளியிட்டனர்.